எதிர் நிரை

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நடுவில் நிறுத்திக் குறுக்குக் கேள்வி கேட்கக் கூடாது. பேய், பிசாசு என்றால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற கூட்டத்தைச் சேர்ந்தவன்தான் நானும். இதைக் கேட்ட நாளிலிருந்து எனக்குச் சிரிப்பு வருவதில்லை.

எனக்கு இதைச் சொன்னவர் தவசிமுத்து. அவர் மனைவி ஆவுடையம்மாள் அவரிடம் சொன்னது பாதி, அவரே கண்ணால் கண்டது பாதி. மனிதர் கூட்டிச் சொல்கிற ரகம் இல்லை. தேயிலை ஃபேக்டரியில் முப்பது வருடம் தூளுக்குள் நின்றவர். ஒரு வார்த்தை பேசவே இரண்டு மூச்சு வாங்க வேண்டும். இதில் பொய்க்கு வேறு எங்கே மூச்சுக்குப் போவார்?

அவர்கள் இருந்த தோட்டத்தின் பெயரையும், இப்போது இருக்கிற மில்லின் பெயரையும் நான் சொல்லப்போவதில்லை. மில்லில் இன்னும் நாலு பேர் பிழைக்க வேண்டும். தோட்டத்துக்கு இனி யாரும் போக வேண்டாம்.

ஆவுடையம்மாள் பிறந்தது மலையில். சேத்தூருக்கு மேலே, மேகம் வந்து படுத்துக்கொள்கிற உயரத்தில் இருந்த ஒரு தேயிலைத் தோட்டம். கல்யாணத்துக்கு முன்பே கூடையை மாட்டியவள், ஐம்பது தாண்டும்வரை இறக்கவில்லை. குத்தகை முடிந்தது என்று ஒருநாள் கம்பெனி கையைக் கழுவிக்கொண்டது. வனத்துறை வந்து பாதையில் சங்கிலி போட்டது. பாத்திரத்தையும் பாயையும் லாரியில் ஏற்றிக்கொண்டு ஆளுக்கொரு திசையாக இறங்கினார்கள். இவர்கள் ராஜபாளையத்துக்கு வந்து சேர்ந்தார்கள். குளிருக்குப் போர்த்திய கம்பளியை இந்த வெயிலில் என்ன செய்வது என்று தெரியாமல் பரணில் தூக்கிப் போட்டார்கள்.

நூல் மில்லில் ஆள் தட்டுப்பாடு. அதனால் வயதைப் பார்க்காமல் அவளை எடுத்துக்கொண்டார்கள். மில்லுக்குப் பின்னால் ஒரு லைன் வீடும் கொடுத்தார்கள். ஆனால் மூன்று மாதம் டிரெய்னிங். தேறினால் வேலையும் வீடும் நிற்கும். தேறாவிட்டால் இரண்டும் சேர்ந்தே போகும். தவசிமுத்து தெருமுனைவரை நடந்தாலே இளைத்து உட்கார்ந்துவிடுவார். மகன் திருப்பூரில் தன் பாட்டைப் பார்க்கவே திணறுகிறான். மிச்சம் இருந்தது அவளுடைய இரண்டு கைகள்தான்.

வேலையைச் சொன்னால் சுலபம்போல இருக்கும். இரண்டு பக்கமும் நீள நீளமான மெஷின், நடுவில் ஒரு சந்து. நூல் ஏறுகிற கண்டுகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டே இருக்கும். எங்கே இழை அறுந்தாலும் ஓடிப்போய் எடுத்து ஒட்ட வேண்டும். ஒட்டிவிட்டுத் திரும்பினால் இன்னொன்று அறுந்திருக்கும். எட்டு மணி நேரமும் நடைதான், உட்கார ஒரு ஸ்டூல்கூடக் கிடையாது. நூல் காயாமல் இருக்கக் கூரையிலிருந்து தண்ணீரைப் புகையாகப் பீய்ச்சுவார்கள். பஞ்சுத் தூசியும் அந்த ஈரப் புகையும் சேர்ந்துவிட்டால், சந்தின் இந்த முனையில் நிற்பவளுக்கு அந்த முனை தெரியாது.

அவளுக்கு நடை பெரிதில்லை. மலையில் நடக்காத நடையா? இங்கே அவளைத் தின்றது வேறு. இந்த வேலை முடிகிற இடமே இல்லை. எத்தனை ஒட்டினாலும் ஒட்டி முடிந்தது என்று மூச்சு விட ஒரு நேரம் கிடையாது. ஷிஃப்ட் முடியும்போது வேலையை அப்படியே அடுத்தவள் கையில் போட்டுவிட்டு வர வேண்டியதுதான். வீட்டுக்கு வந்து கால் நீட்டினால், ‘இன்னைக்கு என்னத்தைச் செஞ்சேன்?’ என்று அவளுக்கே தெரியாது. அந்தக் களைப்பு சோறு தின்றாலும் போகவில்லை, தூங்கினாலும் போகவில்லை.

மலையில் அப்படி இல்லை. அங்கே ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை. நிரை என்றால் செடிகளின் வரிசை. கீழேயிருந்து கொழுந்து கிள்ளிக்கொண்டே மேலே ஏற வேண்டும். எல்லாருக்கும் ஒரே வேகம் இருக்குமா? பிள்ளை பெற்றவள் இருப்பாள், காய்ச்சல்காரி இருப்பாள். பின்தங்கியவள் முதுகை நிமிர்த்தி, “எதிர் வாங்கட்டி!” என்று ஒரு குரல் கொடுப்பாள். தன் நிரையை முடித்தவள் மேல் முனையிலிருந்து இவளுடைய நிரையில் இறங்குவாள். இவள் கீழிருந்து, அவள் மேலிருந்து. நடுவில் சந்திக்கும்போது கையோடு கை தட்டிக்கொண்டு, “மூடியாச்சு” என்பார்கள். அதோடு அந்த நிரை முடிந்தது. பிறகு இரண்டு பேரும் சேர்ந்துதான் எடைக்கு இறங்குவார்கள். தனியாக இறங்குகிற வழக்கமே கிடையாது.

இதற்கு ஒரு பதில் உண்டு. எதிர் வந்தவளுக்கு இவளும் ஒருநாள் எதிர் போக வேண்டும். கங்காணி சொல்லி அல்ல, கம்பெனி சொல்லி அல்ல. உடம்புக்கு முடியாவிட்டாலும் போகத்தான் வேண்டும். புருஷனோடு சண்டை போட்டு ஓடிப்போனவளைக்கூட மலை திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எதிர் வாங்கிவிட்டுத் திருப்பிப் போகாதவளோடு யாரும் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

ஆவுடையம்மாளின் பக்கத்து நிரை எப்போதும் பிரிஸ்கில்லாவுடையது. குள்ளமான பெண். வாய்க்குள் ஏதாவது ஒரு ராகம் முனகிக்கொண்டே கிள்ளுவாள். பேச்சை நிறுத்தினாலும் முனகலை நிறுத்தமாட்டாள். தோட்டம் மூடுகிற கடைசி வாரம், ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில், “ஏட்டி ஆவுடை, மூச்சு முட்டுது” என்றாள். செடிமேல் சாய்ந்தாள். ஓடிப்போய்ப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. மலைமேல் இருந்த கல்லறைத் தோட்டத்திலேயே அவளைப் புதைத்தார்கள். மறுநாளிலிருந்து காட்டில் வேலை கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். அவளுடைய நிரை மூடாமலே நின்றுபோனது.

மில்லில் எதிரும் கிடையாது, பதிலும் கிடையாது. சேர்ந்த புதிதில் பக்கத்து மெஷினில் நிற்கும் சிவரஞ்சனிக்கு இழை நிறைய அறுந்ததைப் பார்த்து, ஆவுடையம்மாள் பாட்டுக்கு அந்தச் சந்துக்குள் போய் ஒட்ட ஆரம்பித்தாள். சூப்பர்வைசர் லிங்கேஸ்வரனிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

“ஒங்க மெஷினே அழுதுக்கிட்டு நிக்கி. அங்க எதுக்குப் போறீங்க?”

“பாவம், சின்னப் பிள்ளை…”

“அவ மெஷின அவதான் பாக்கணும். ரூல்ஸ் அம்மா.”

கெட்ட மனிதன் இல்லை. மூன்றாவது மாதம் முடியப்போகும் வாரத்தில் அவனே வந்து தணிவாகச் சொன்னான். “நான் ஒங்களக் கொறை சொல்லல. மேல என்னைக் கேக்காவ. சனிக்கிழமை வரைக்கும் பாக்கேன். பொறவு என் கையில இல்ல.”

அன்று இரவு அவள் தவசிமுத்துவிடம் சொல்லவில்லை. சொன்னால் அவர் தூங்கமாட்டார்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. மதியம் தொடங்குகிற ஷிஃப்ட். சாயங்காலம் ஐந்தரை மணி இருக்கும். கரண்ட் ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. மொத்த மெஷினும் நின்று, திரும்ப ஓடியது. ஓடிய வேகத்தில் இழைகள் சரசரவென்று அறுந்தன. எல்லாச் சந்திலும் அப்படித்தான். சின்னப் பெண்கள் பறந்து பறந்து ஒட்டினார்கள். ஆவுடையம்மாளும் ஒட்டினாள். பத்து ஒட்டுவதற்குள் இருபது தொங்கியது. முழங்காலுக்குக் கீழே காலே இல்லாததுபோல மரத்துவிட்டது. கண்ணில் தண்ணீர் கட்டியது. வீடு போய்விடும். அது ஒன்றுதான் மண்டைக்குள் ஓடியது.

முதுகை நிமிர்த்தினாள். வாய் தானாகத் திறந்தது.

“எதிர் வாங்கட்டி…!”

கத்திய பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று உறைத்தது. அவளுக்கே வெட்கமாகப் போய்விட்டது. நல்லவேளை, யாருக்கும் கேட்டிருக்காது. அந்த இரைச்சலில் அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. காதில் வேறு பஞ்சு அடைத்திருந்தாள்.

குனிந்து அடுத்த இழையை எடுத்தாள்.

டக்.

நிமிர்ந்தாள். ஒன்றும் இல்லை.

டக்… டக்…

அவள் கை அப்படியே நின்றது. அந்தச் சத்தத்தை அவளுக்குத் தெரியும். நகம் பட்டுக் கொழுந்துக் காம்பு ஒடிகிற சத்தம். இரண்டு விரலுக்குள்ளேயே அடங்கிப்போகிற சத்தம். பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காத இடத்தில், அது மட்டும் தெளிவாகக் கேட்டது.

சந்தின் அந்த முனையிலிருந்து வந்தது.

ஈரப் புகை அடர்த்தியாக இறங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் வெள்ளையைத் தவிர எதுவும் தெரியவில்லை. கூர்ந்து பார்த்தாள். வெள்ளைக்குள் இன்னும் கொஞ்சம் கறுப்பாக ஏதோ ஒன்று… குனிந்தது. நிமிர்ந்தது. ஓர் அடி நகர்ந்தது. மறுபடி குனிந்தது.

கிளீனிங் ஆளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். நினைக்கத்தான் செய்தாள்.

இந்த முனையிலிருந்து ஒட்டிக்கொண்டே போனாள். பாதி தூரம் போனதும் தொங்குகிற இழையே இல்லை. அந்தப் பாதி முழுக்க யாரோ ஒட்டி முடித்திருந்தார்கள். நட்டநடுவில் ஒரே ஒரு இழை மட்டும் தொங்கியது. அதை ஒட்டினாள். யோசிக்காமல், பழக்கதோஷத்தில், உள்ளங்கையை முன்னால் நீட்டினாள்.

தட்ட யாரும் இல்லை.

கீழே பார்த்தாள். சிமென்ட் தரையில் ஈரக்கால் தடம். செருப்பில்லாத கால், சின்னக் கால். மூக்கில் பச்சை வாடை அடித்தது. கொழுந்து வாடை.

நீட்டிய கையை மெல்ல மடக்கிக்கொண்டாள்.

புதன்கிழமை அவள் கூப்பிடவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் நின்றாள். ஆனாலும் இழை அதிகமாக அறுந்த நேரத்தில் சரியாக அந்தச் சத்தம் வந்தது. வியாழனும் வந்தது. அவள் எதிர் முனையைப் பார்ப்பதை விட்டுவிட்டாள். தலையைக் குனிந்துகொண்டு ஒட்டினாள். ஒவ்வொரு நாளும் நடுவில் ஓர் இழை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் அதை ஒட்டினாள், கையை மட்டும் நீட்டவில்லை.

வெள்ளிக்கிழமை லிங்கேஸ்வரன் இரண்டு கண்டுகளைக் கொண்டுவந்து காட்டினான். வெள்ளை நூலில் பழுப்பாக ஒரு கறை, பெருவிரல் அளவுக்கு.

“வேலை இப்பச் சுத்தமா இருக்கு. இது என்னது? வெத்தலை போடுவீங்களா?”

“இல்லையே.”

“கையக் காட்டுங்க.”

காட்டினாள். கை சுத்தமாக இருந்தது. அவன் தலையைச் சொறிந்துகொண்டு போய்விட்டான். அவளுக்குச் சொல்லவா வேண்டும்? கொழுந்து கிள்ளுகிற பெருவிரலில் ஏறுகிற கறை அது. சோப்பு போட்டாலும் போகாது.

அன்றைக்கே டீ குடிக்கிற நேரத்தில் சிவரஞ்சனி பக்கத்தில் வந்து நின்றாள்.

“பெரியம்மா, ஒங்களுக்கு மட்டும் ஹெல்ப்பர் போட்டிருக்காவளா?”

“யாரு சொன்னா?”

“அந்தக் குள்ள அம்மாதான். மழையில நனைஞ்ச மாதிரி சேலையெல்லாம் சொட்டச் சொட்ட நிக்காங்களே. சளி பிடிச்சிரப் போவுது, சொல்லுங்க.”

ஆவுடையம்மாள் டீயைக் கீழே வைத்துவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. புரட்டாசிச் சனி. மில்லில் பாதிப் பேர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்தில் திருவண்ணாமலை என்றே பெயருள்ள குன்றின் பெருமாள் கோயிலுக்குப் போய்விட்டார்கள். வந்தவர்கள் தலையில் இரட்டை வேலை. அவளுக்குக் கூடுதலாக இன்னொரு சந்து கொடுத்தார்கள். லிங்கேஸ்வரன் முகத்தைத் திருப்பிக்கொண்டு சொன்னான். “ஏழு மணிக்குச் செக்கிங் வருவாவ. இழை தொங்குறதப் பாத்துட்டா வேலை போயிரும்.”

ஆறு மணிக்கு இரண்டு சந்திலும் இழைகள் விழுதுபோலத் தொங்கின. அவள் அழக்கூட இல்லை. அழவும் தெம்பு வேண்டும் அல்லவா? மெஷினைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

டக்.

மிகப் பக்கத்தில்.

கண்ணைத் திறந்தாள். மெஷினின் மறுபுறம், சுற்றுகிற கண்டுகளுக்கு இடையே, ஒரு கை.

கறுத்த பெருவிரல். ஈரமான மணிக்கட்டு. அது இழையை எடுத்தது. ஒட்டியது. அடுத்ததற்கு நகர்ந்தது. நிதானமாக… சலிப்பே இல்லாமல்…

அதோடு ஒரு முனகல். பாட்டு இல்லை. ராகம் மட்டும்.

ஆவுடையம்மாள் ஓடவில்லை. ஓடினால் வீடு போய்விடும். அவளும் ஒட்டினாள். கண்ணீர் ஒழுக ஒழுக, வாய்க்குள் மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டு, அந்தக் கைக்கு எதிரே நின்று ஒட்டினாள்.

செக்கிங் வந்தபோது இரண்டு சந்திலும் ஓர் இழைகூடத் தொங்கவில்லை.

“தேறிட்டீங்க அம்மா” என்றான் லிங்கேஸ்வரன். அவனுக்குத்தான் அவளைவிடச் சந்தோஷம்.

அன்று வீட்டுக்கு வந்தவள் எல்லாவற்றையும் தவசிமுத்துவிடம் கொட்டினாள். அவர் குறுக்கே பேசவில்லை. பைத்தியமா உனக்கு என்று கேட்கவில்லை. அவரும் மலையில் பிறந்தவர்தானே. கடைசியில் ஒன்றே ஒன்று கேட்டார்.

“கூப்பிடும்போது யார் பேரைச் சொன்ன?”

“பேரு சொல்லல. சும்மா கூப்பிட்டேன்.”

“வந்தது அவதானா?”

“மொனகுனா.”

அவர் சுவரைப் பிடித்து நிமிர்ந்து உட்கார்ந்தார். “அப்ப… நீ எதிர் போகணுமே ஆவுடை.”

“எங்கிட்டுப் போக? அங்கதான் சங்கிலி போட்டுட்டானே.”

விளக்கை அணைக்காமலே படுத்தார்கள்.

அதற்குப் பிறகு மில்லுக்குள் அது வரவில்லை. சத்தம் இல்லை, கறை இல்லை, ஈரக்கால் இல்லை. ஆவுடையம்மாளுக்குக் கையும் பழகிவிட்டது. வீடு நிலைத்தது. எல்லாம் சரியாகிவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள்.

ஆனால் களைப்பு போகவில்லை. கூடியது.

படுத்தால் மரக்கட்டையாகத் தூங்கினாள். எழுந்தால் இரவெல்லாம் வேலை செய்ததுபோல இடுப்பு கழன்றது. சோற்றுத் தட்டில் கை வைத்தபடியே தூங்கிப்போனாள். பேசிக்கொண்டிருக்கும்போதே கண் செருகியது. ஆஸ்பத்திரியில் ரத்தம் இல்லை என்று மாத்திரை கொடுத்தார்கள்.

ஒருநாள் காலையில் தவசிமுத்து மெதுவாகச் சொன்னார்.

“ராத்திரி ஒன் கை ஆடுது.”

“எப்படி ஆடுது?”

அவர் செய்து காட்டினார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து… கிள்ளி… கிள்ளி…

“எம்புட்டு நேரம்?”

“விடிய விடிய.”

ஐப்பசியில் அவளுடைய பாய் நனைய ஆரம்பித்தது. மழையும் இல்லை, ஒழுக்கும் இல்லை. வீட்டுத் தரை காய்ந்து கிடந்தது. அவள் படுத்த இடம் மட்டும் பனியில் கிடந்த துணிபோல ஈரம்.

பிறகு அந்த விடிகாலை.

கணுக்காலில் ஈரமாக ஏதோ ஓடியது. தொட்டுப் பார்த்தாள். ரத்தம். வலி இல்லை. அரிப்புகூட இல்லை. துடைத்தாள். மறுபடி வந்தது. துடைக்கத் துடைக்க, நிற்காமல், நூல்போல…

சின்னக் காயம். மூன்று கீறல் சேர்ந்த காயம்.

தவசிமுத்து பார்த்தார். எழுந்துபோய்ச் சுண்ணாம்பு கொண்டுவந்து வைத்து அழுத்தினார்.

மலையில் அட்டை கடித்தால் அதைத்தான் வைப்பார்கள்.

ராஜபாளையத்தில் அட்டை கிடையாது.

இருவருக்கும் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மதியம் இருளப்பசாமி வந்தான். தோட்டத்தில் இவர்களுக்கு அடுத்த வீட்டுப் பையனாக வளர்ந்தவன். இப்போது வனத்துறையில் வாட்சர், குடியிருப்பு ஸ்ரீவில்லிபுத்தூரில். பழைய தோட்டம்தான் அவனுக்கு ரோந்து. வத்திராயிருப்பு மாங்காய் ஊறுகாய் ஒரு பாட்டில் கொண்டுவந்திருந்தான். இங்கே நடந்தது எதுவும் அவனுக்குத் தெரியாது. சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது சிரித்துக்கொண்டே சொன்னான்.

“மதினி, மேல ஒரு கூத்து நடக்கு. யாரோ கொழுந்து எடுக்காங்க.”

ஆவுடையம்மாள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். “எந்தக் காட்டுல?”

“ஏழாம் நம்பர்ல. பிரிஸ்கில்லா அக்கா விழுந்தாளே, அந்த நெரை. சுத்தி எல்லாம் ஆள் ஒசரத்துக்கு மண்டிக் கெடக்கு. ஆனை நின்னாலும் தெரியாது. அந்த ஒரு நெரை மட்டும் வாரிவிட்ட தலை மாதிரி இருக்கு. காம்பு கறுக்கக்கூட இல்ல, அம்புட்டும் புதுசு.”

“களவாணிப் பயலுவளா இருக்கும்” என்றார் தவசிமுத்து.

“அப்படித்தான் நாங்களும் கேமரா வச்சோம் அண்ணே. மூட்டத்தத் தவிர ஒண்ணும் விழல. கிள்ளுன கொழுந்தையும் காணோம்.” அவன் சிரிப்பை நிறுத்தினான். “ஒரு ஆளு இல்ல. ரெண்டு பேரு. ஒண்ணு கீழ இருந்து ஏறுது. ஒண்ணு மேல இருந்து இறங்குது.”

ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டான்.

“கீழ இருந்து வாரது நிதானமா வருது. பழைய கை. மேல இருந்து இறங்குதே…”

“அதுக்கு என்ன?” என்றாள் ஆவுடையம்மாள்.

“அதுதான் வேகம் மதினி. ஒவ்வொரு ராவுக்கும் எறங்கி எறங்கி வருது. எப்படா போய்ச் சேருவோம்னு வார மாதிரி.”

தவசிமுத்து அவன் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏலே… நடுவுல எம்புட்டு மிச்சம்?”

இருளப்பசாமி அளவு தேடி வீட்டைச் சுற்றிப் பார்த்தான். பிறகு இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான்.

“நேத்து சாயங்காலம் இம்புட்டுதான் இருந்துச்சு. ரெண்டு பேரும் கைய நீட்டுனா தட்டிக்கிடலாம். இன்னைக்கு ராவு மூடிட்டு, சேந்தே எறங்கிருவாவ.”

ஆவுடையம்மாள் கொட்டாவி விட்டாள்.